ஆறு நாய்கள், நாற்பத்து நான்கு விருந்தினர்

கில்டாரன் நாய்ப்பந்தயத் திடலுக்குச் சனிக்கிழமைதோறும் வருகிறவர்கள் ஏறத்தாழ அறுபது பேர். அதில் நாற்பது பேர் நாய் வைத்திருப்பவர்கள், பத்துப் பேர் அவர்களுடைய சொந்தக்காரர்கள், மீதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். திடலின் மேலாளர் அட்ராக்டா ஷினிக் போன வருஷம் ஒரு கல்யாண விருந்தில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். இந்த வருஷம் அவர் அதைச் சொல்லவில்லை. நிலத்துக்குச் சொந்தமான குடும்பம், அதை வாங்கிப் பெரிய கடை கட்ட விரும்பும் ஒரு நிறுவனத்தோடு பேசத் தொடங்கியிருந்தது. மாவட்ட மன்றத்தின் சுற்றுலாக் குழு மூன்று வருஷத்துக்கு உதவித்தொகை கொடுத்தால் திடல் பிழைக்கும். கொடுக்காவிட்டால் செப்டம்பரோடு சரி.

மக்கள் பணத்தை நாய்ப்பந்தயத்துக்குக் கொடுக்கலாமா என்று எங்கள் வாரப் பத்திரிகைக்கு வந்த கடிதங்களை வைத்து ஒரு மாதம் பக்கம் நிரப்பினோம். கொடுக்கலாம், ஆனால் மன்றம் இன்னும் மூடாத தன் வீட்டு வாசல் குழியைத் தாண்டி நாய்கள் ஓட வேண்டும் என்று ஒருவர் எழுதினார். ஓடி ஓய்ந்த நாய்கள் என்ன ஆகின்றன என்று ஓர் ஆசிரியை கேட்டார். அது நியாயமான கேள்வி. அட்ராக்டா அதற்கு மட்டும் தன் கைப்பட இரண்டு பக்கம் பதில் எழுதினார். கில்டாரனில் ஓடி ஓய்வு பெற்ற ஒவ்வொரு நாயும் இப்போது யார் வீட்டு சோபாவில் படுத்திருக்கிறது என்று பெயர் பெயராக. சோபாவின் நிறம்கூட இரண்டு இடங்களில் இருந்தது.

கடைசியில் சுற்றுலாக் குழுவின் தலைவர் கோல்மன் ஹோகன் ஒரு வழி சொன்னார். ஹோகன் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நின்றே நான்கு தேர்தல் ஜெயித்தவர். ஜூலையில் ஒரு சனிக்கிழமை வெளிநாட்டுப் பயணிகளின் பேருந்து ஒன்றைத் திடலுக்கு அழைத்து வருவது, போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருத்துச் சீட்டைக் கொடுப்பது, ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் சராசரி வந்தால் குழு பரிந்துரைப்பது. இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது என்பதால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பேருந்து ஐந்தே முக்காலுக்கு வரும். ஏழே முக்காலுக்குக் கிளம்பியாக வேண்டும், விடுதியில் பாட்டோடு விருந்து காத்திருக்கிறது. ஆகவே அவர்கள் பார்க்கப்போவது ஏழரை மணிக்கு நடக்கும் முதல் ஓட்டம் ஒன்றைத்தான். அரை நிமிஷத்தில் முடிந்துவிடும் அந்த ஓட்டத்துக்கு முன்னால் அவர்களை என்ன செய்வது என்பதுதான் அட்ராக்டாவின் கவலை. நாய்களை முன்கூட்டியே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்க வைத்து, விருந்தினர்கள் தொட்டுப் பார்க்க, படம் எடுத்துக்கொள்ள விடலாம் என்று முடிவு செய்தார். எடை பார்த்து உள்ளே பூட்டிய பிறகு நாயை யாரும் தொடக் கூடாது என்பது விதி. எடை பார்ப்பது ஆறரைக்கு. எனவே சந்திப்பு ஆறு மணிக்கு. யோசித்துப் பார்த்தால் குற்றம் காண முடியாத ஏற்பாடு.

வியாழக்கிழமை முதல் ஓட்டத்துக்குத் தேர்வான ஆறு நாய்களின் சொந்தக்காரர்களையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

“வர்றவங்க என்ன கேட்டாலும் சரின்னு சொல்லுங்க. கட்டிப் பிடிச்சாலும் சரி, காதப் பிடிச்சு இழுத்தாலும் சரி. முகத்தத் தூக்கி வச்சுக்காதீங்க. ஜெர், உங்களத்தான்.”

“என் மூஞ்சியே அப்படித்தான்,” என்றார் ஜெர் கான்ட்டி. அவர் பால்பண்ணைக்காரர். பதினெட்டு வருஷமாக நோனி பிராஸ்னனின் நாய்களிடம் தோற்றுக்கொண்டிருப்பவர்.

“அப்ப தொப்பிய இறக்கிப் போட்டுக்கோங்க,” என்றார் நோனி. அவர் ஊர்க் கோடியில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பெண்மணி. ஜெரின் தலைமுடியையும் அவர்தான் வெட்டுகிறார் என்பதால் இந்தப் பகைக்கு ஓர் எல்லை உண்டு.

சனிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. நாற்பத்து நான்கு பேர் இறங்கினார்கள். பாதி அமெரிக்கர்கள், பாதி ஜெர்மானியர்கள், எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறச் சீட்டு கொடுக்கப்பட்டது. சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு, கறுப்பு வெள்ளைக் கோடு என்று சீட்டில் எந்த நிறமோ அந்த நிறச் சட்டை போட்ட நாய் அன்றைக்கு அவர்களுடையது. கூடவே காகிதத் தட்டில் உருளைக்கிழங்கு வறுவலும் நான்கு பன்றியிறைச்சிச் சாஸேஜும். அவர்கள் மூன்று மணிக்குத்தான் வழியில் ஒரு கோட்டையில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார்கள்.

ஓட்ட நாளில் கிரேஹவுண்ட் என்னும் இந்தப் பந்தய நாய்க்குக் காலையில் கொஞ்சம் கொடுப்பதோடு சரி, மாலை வரை ஒன்றுமில்லை. சாதாரண நாளிலேயே அந்த நாயின் முகம், பிறந்ததிலிருந்து யாரும் சோறு போடாத முகம். கண்கள் பெரியவை, இடுப்பு இல்லை, விலா எலும்புகளை எண்ணலாம். அதுதான் அதன் ஆரோக்கியம் என்று நமக்குத் தெரியும். ஓஹையோவிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு எப்படித் தெரியும்? அவர் ஜெரின் சிவப்புச் சட்டை நாயைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார், இதற்கு ஒன்று கொடுக்கலாமா என்று ஜெரைக் கேட்டார்.

ஜெர் சங்கடத்தில் நெளிந்தார். விருந்தாளியிடம் கூடாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது, வியாழக்கிழமை அதற்குத் தடையும் போட்டாயிற்று. அவருடைய பார்வை இரண்டு நாய் தள்ளி நின்ற நோனியின் வெள்ளைச் சட்டை நாய்மேல் விழுந்தது. முகம் தெளிந்தது.

“இது இப்பத்தாங்க சாப்பிட்டுச்சு. அந்தா, வெள்ளைச் சட்டை போட்டு நிக்குதே, அதப் பாருங்க. அத வளர்க்கிற அம்மா தனி ஆளு, கடை வேற. பாவம், எப்பச் சாப்பிட்டுச்சோ.”

அம்மாள் கண் கலங்கி வெள்ளைச் சட்டையிடம் போனார். அவரைப் பார்த்து அவருடைய கணவரும், அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேரும் போனார்கள். ஜெர் தொப்பியை நிமிர்த்திக்கொண்டார்.

அதே சமயம் நோனி பிராஸ்னன், ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதியிடம், தன் நாய்க்கு வயிறு சரியில்லை என்றும், அங்கே சிவப்புச் சட்டையில் நிற்பது பால்பண்ணைக்காரரின் நாய் என்றாலும் அது ஒரு சொட்டுப் பாலைக்கூடக் கண்டதில்லை என்றும் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். நீலச் சட்டைக்காரர் கறுப்பைக் காட்டினார். கறுப்புக்காரர் கோடு போட்ட சட்டையைக் காட்டினார். கோடு போட்ட சட்டைக்காரர் தாராளமானவர், மற்ற ஐந்தையும் காட்டினார். மருந்துக் கடை வைத்திருக்கும் மாலகி குவர்க் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. அவருடைய ஆரஞ்சுச் சட்டை நாய்க்கு வந்தது, மற்றவர்கள் அனுப்பியது மட்டுமே.

யாரும் தன் நாய்க்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனாலும் ஆறு மணி இருபத்தைந்துக்கு நூற்று எழுபத்தாறு சாஸேஜும் காலி. உருளைக்கிழங்கு அப்படியே இருந்தது.

எடை பார்ப்பவர் அட்ராக்டாவின் அண்ணன் ஃப்ளரி. தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் பொட்டலங்களை நிறுத்தவர். அஞ்சல்தலை ஒரு சென்ட் குறைந்தாலும் சொந்த மாமியாரின் கிறிஸ்துமஸ் பொட்டலத்தையே திருப்பி அனுப்பியவர் என்று பேர். கடைசியாக ஓடியபோது இருந்த எடையைவிட ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடியோ குறைந்தோ இருந்தால் நாய் ஓடக் கூடாது. அதை அவர் பேரேட்டில் எழுதுவார், அந்தப் பேரேடு டப்ளினில் உள்ள பந்தய வாரியத்துக்குப் போகும்.

முதலில் ஜெரின் நாய் ஏறியது. ஒரு கிலோ எழுநூறு கூடுதல். ஜெர் தராசில் கோளாறு என்றார். அடுத்து நீலம், ஒரு கிலோ அறுநூற்றைம்பது. அதற்கடுத்து நோனியின் வெள்ளை, ஒரு கிலோ தொள்ளாயிரம். தராசில் கோளாறில்லை என்று ஜெருக்குத் திருப்தி ஏற்பட்டது. நான்காவது, கறுப்பு, ஒரு கிலோ எண்ணூறு. ஐந்தாவது, ஆரஞ்சுச் சட்டை, ஒரு கிலோ ஐந்நூற்று எண்பது. ஆறாவது நாய் தராசில் ஏற மனமில்லாமல் படுத்துவிட்டது. அதைத் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது.

ஆறு சொந்தக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அட்ராக்டா அண்ணனைத் தனியே கூப்பிட்டார். தராசு அறையின் கதவைச் சாத்தினாலும் பேச்சு வெளியே கேட்கும்.

“அண்ணே, ஒரே ஒரு நாள் கண்ண மூடிக்கக் கூடாதா?”

“எத்தன நாயிக்கு?”

“ஆறுக்கும்தான்.”

“ஒண்ணுன்னா தூசி விழுந்துச்சும்பேன். ஆறுக்கு நான் குருடன்னுதான் சொல்லணும்.”

“செப்டம்பர்ல இங்க தக்காளி விப்பாங்க. அப்ப உன் தராசுல அத நிறுத்துக்கிட்டு உக்காரு.”

ஃப்ளரி பேரேட்டைத் திருப்பி வைத்தார். “நான் பொய் எழுதினா டப்ளின்காரன் ஆகஸ்டுலயே வந்து பூட்டிருவான். ஒரு மாசம் முன்னாடியே தக்காளி,” என்றார். பிறகு பேரேட்டின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த விதித்தாளை விரலால் தேடினார். “ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னாடி வரைக்கும் மறுபடி நிறுக்கலாம்னு போட்டிருக்கு. நாயி தானாக் குறைச்சுக்கிட்டு வந்தா நான் ஏன் தடுக்கப்போறேன்?”

“தானான்னா?”

“நடக்க விடு. வயித்துல போனது வெளிய வரணும்ல?”

அப்படித்தான், ஆறே முக்கால் மணிக்கு, மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடக்கூடிய ஆறு பிராணிகள் கில்டாரன் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி மெதுவாக நடக்கத் தொடங்கின. ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு கோட்பாடு இருந்தது. ஜெர் உயரமான புல்லை நம்பினார். நோனி பேருந்துச் சக்கரத்தை நம்பினார். நீலச் சட்டைக்காரர் நாயின் காதில் மெல்லச் சீட்டியடித்தார். மாலகி குவர்க் ஒன்றும் செய்யவில்லை, பக்கத்தில் நடந்தார், அவ்வளவுதான்.

விருந்தினர்களிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அட்ராக்டா எல்லோரையும் எச்சரித்திருந்தார். கோல்மன் ஹோகனிடம் சொல்ல மறந்துவிட்டார். அவர் கையில் ஒலிபெருக்கி இருந்தது, எதிரே நாற்பத்து நான்கு பேர் இருந்தார்கள், நாலு தேர்தல் ஜெயித்த மனிதர் என்ன செய்வார்? ஐந்து நிமிஷத்தில், நாய்கள் ஏன் நடக்கின்றன, என்ன நடந்தால் என்ன குறையும், ஏழேகாலுக்குள் எவ்வளவு குறைய வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்.

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒவ்வொருவரும் கையிலிருந்த சீட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு அவரவர் நாய்க்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த அரை மணி நேரத்தை அதிகம் வர்ணிக்க வேண்டியதில்லை. ஒரு நாய் நின்று முதுகை வளைத்தால் அதன் பின்னால் வந்த ஏழெட்டுப் பேரும் மூச்சை அடக்கி நின்றார்கள். காரியம் நடந்தால் கைதட்டினார்கள். உடனே ஊர்வலமாகத் தராசு அறைக்குப் போனார்கள். ஃப்ளரி எடையை வாசித்தார். ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர், ஸ்டுட்கார்ட்காரர், அதைப் பேருந்தின் பக்கவாட்டுத் தூசியில் விரலால் நிற வாரியாக எழுதினார். ஓஹையோ அம்மாள் தன் நாயிடம், யாரும் பார்க்கவில்லை, கவலைப்படாதே என்று சொல்லித் தன் கோஷ்டியை அந்தப் பக்கம் திரும்பி நிற்க வைத்தார். முதலில் எடையைக் கடிதம் வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டிருந்த ஃப்ளரி, ஏழு மணி வாக்கில் கிலோவுக்கும் கிராமுக்கும் நடுவே நிறுத்தி, எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு மீதியைச் சொல்ல ஆரம்பித்தார். அவரை ஐம்பது வருஷமாக அறிந்த எங்களுக்கு அது புதிது.

ஜெரின் நாய் முந்நூறு கிராம் இறக்கிவிட்டது என்று சிவப்புக் கோஷ்டி கொண்டாடியபோது, ஃப்ளரி அது நூற்று முப்பது என்று திருத்தினார். நோனியின் நாய் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏழு மணி பதினான்கு நிமிஷத்துக்கு மாலகியின் ஆரஞ்சுச் சட்டை மூன்றாம் முறையாகத் தராசில் ஏறியது. முள் ஆடி நின்றது.

“ஒரு கிலோ...” என்றார் ஃப்ளரி. பார்த்தார். “நானூத்தி எண்பது.”

அந்தச் சத்தத்தில் உள்ளே பூட்டியிருந்த மற்ற நாய்களெல்லாம் குரைத்தன. அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும் மாலகி குவர்க்கைத் தோளில் தூக்கினார்கள். அவர் கூச்சத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தோள்மேல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாயை வைத்துக்கொண்டு ஓட்டம் நடத்த முடியாது. முதல் ஓட்டம் ரத்து என்று அட்ராக்டா தன் குரலிலேயே ஒலிபெருக்கியில் அறிவித்தார். விருந்தினர்களில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் மாலகியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழே முக்காலுக்குக் கருத்துச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினார்கள்.

எட்டு மணிக்கு இரண்டாவது ஓட்டம் தொடங்கியபோது அட்ராக்டா அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் ஓட்டத்துக்கும் அவர் வேலியருகே நிற்காமல் இருந்ததில்லை. பெட்டி மேஜைமேல் திறக்காமல் இருந்தது. ஹோகன்தான் திறந்தார். என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு எண்ணினார். நாற்பத்து மூன்று சீட்டில் ஐந்து நட்சத்திரம். ஒன்றில் நான்கு, சாஸேஜ் பற்றாக்குறை என்று காரணத்தோடு. எந்த ஓட்டம் உங்களுக்குப் பிடித்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் நாய்கள் நடந்தது என்று எழுதியிருந்தார்கள். தராசுக்கார ஐயாவைப் பற்றிப் பதினொரு பேர் எழுதியிருந்தார்கள்.

அட்ராக்டா சிரிக்கவில்லை. வெளியே நாய்கள் துரத்தும் முயல் பொம்மை தண்டவாளத்தில் கிறீச்சிட்டுக்கொண்டு போகும் சத்தமும், கூண்டுகள் திறக்கும் சத்தமும், அறுபது பேரின் கூச்சலும் கேட்டு அடங்கின.

“ஓட்டம் எங்கன்னு ஒருத்தராவது கேட்டிருக்காங்களா, பாருங்க.”

ஹோகன் சீட்டுகளை மறுபடி ஒருமுறை புரட்டினார். ஒன்றிலும் இல்லை, எல்லாவற்றையும் அடுக்கிப் பெட்டிக்குள் போட்டு மூடினார். நடுவில் நிற்க இடமில்லாத கேள்வி அது.

மன்றம் ஆகஸ்டில் கூடியது. எதிர்த்துப் பேச வந்திருந்த இரண்டு உறுப்பினர்களும் பேருந்துக்காரர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, நடப்பதற்குக் கொடுப்பதில் தங்களுக்கு ஆட்சேபமில்லை என்றார்கள். ஆசிரியையும் பார்வையாளர் வரிசையில் இருந்தார். ஓடாத நாயைப் பற்றிக் கடிதம் எழுதுவது அவருக்குக் கடினமாக இருந்திருக்க வேண்டும், எழுதவில்லை. மூன்று வருஷ உதவித்தொகை நிறைவேறியது, ஒரு நிபந்தனையோடு. கோடையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பேருந்துகளுக்காக நடையும் எடையும் நடத்த வேண்டும். பந்தயத்தைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வார்த்தை இல்லை.

சம்மதமா என்று கேட்டார்கள். அட்ராக்டா எழுந்து நின்றார். பக்கத்தில் ஃப்ளரி, மன்றத்துக்கென்று கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“அண்ணே, நீ என்ன சொல்ற?”

“நான் சரியான எடையத்தான் சொல்லுவேன்னு எழுதிக்கச் சொல்லு. சிரிப்புக்காகக் கூட்டிக் குறைக்க மாட்டேன்.”

அட்ராக்டா அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு தன் பக்கத்திலிருந்து ஒன்றையும் சேர்க்கச் சொன்னார். பேருந்துகள் எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சம்மதம் என்று கையெழுத்திட்டார்.

ஓடப்போகிற நாய்க்குச் சாஸேஜ் கொடுக்க முடியாது. ஆகவே இப்போது நடப்பவை சோபாக்களிலிருந்து எழுப்பிக் கொண்டுவரப்பட்ட பழைய நாய்கள். வாரத்துக்கு ஒரு மாலை இப்படி ஒரு வாழ்க்கை உண்டென்று அவை அதுவரை அறிந்திருக்கவில்லை. ஜெர் தன்னுடைய ஒன்பது வயது நாயோடு வருகிறார். நோனியின் கிழட்டுப் பெண் நாய் எடை குறைப்பதில் அதை இரண்டு வாரமாகத் தோற்கடிக்கிறது. ஓடும் நாய்கள் பின்பக்க வாசல் வழியாக வந்து, ஃப்ளரி அங்கே வைத்திருக்கும் இன்னொரு தராசில் ஏறி, யார் கண்ணிலும் படாமல் உள்ளே போகின்றன. எட்டேகாலுக்கு முதல் ஓட்டம். பார்க்கிறவர்கள் ஏறத்தாழ அறுபது பேர்.

போன சனிக்கிழமை ஒரு பேருந்துக்கு எஞ்சின் தகராறு. எட்டேகால் ஆகியும் கிளம்பவில்லை. அட்ராக்டா ஓட்டத்தைத் தாமதிக்க மறுத்துவிட்டார். ஆறு நாய்களும் கூண்டிலிருந்து பாய்ந்து, வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய வளைவில் ஒன்றோடொன்று உரசித் திரும்பி, மறைந்தன. பேருந்தின் ஜன்னல்களில் முகங்கள் அப்பின. அது என்ன என்று ஓர் அம்மாள் ஓட்டுநரைக் கேட்டார். அது உள்ளூர்க்காரர்களின் விளையாட்டு என்றும், நமக்குப் புரியாது என்றும் ஓட்டுநர் சொன்னார்.

வேலியருகே நின்ற அட்ராக்டாவுக்கு அது நன்றாகவே கேட்டது. அவர் திருத்தவில்லை. தன் பழைய இடத்தில், இரும்புக் கம்பியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, நாய்கள் எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எஞ்சின் சரியாயிருச்சாப்பா?” என்று திரும்பாமலே ஓட்டுநரைக் கேட்டார். “சரியாயிருச்சுன்னா பஸ்ஸ எடுப்பா. ரெண்டாவது ஓட்டத்துக்கு இந்தப் பக்கம் மறைக்குது.”